நாலு மணிக்கு நான் பாலத்தில் நின்றேன்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. முழங்கால் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை அண்ணன்தான் ஞாபகமாக எடுத்துக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு நான் வந்து நின்றபோது, எல்லாம் முடிந்திருந்தது. "நெனச்சிருந்தா வந்திருக்கலாம் சித்தப்பா" என்று உங்கள் மகன் வாசலிலேயே சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று ஆரம்பித்த பேச்சில் முறுக்கிக்கொண்டு, மூன்று வருஷம் அண்ணன் முகத்தில் விழிக்காமல் இருந்தவன் நான். அவன் வேறெப்படி நினைப்பான்?

காலை எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன். நாலு மணிக்கு அண்ணனை அடக்கம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டுக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆற்றுப் பாலத்தில் சிமெண்ட் லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. இறங்கி நடக்கப் பார்த்தேன். டீசல் கொட்டிக் கிடக்கிறது என்று போலீஸ்காரர் விடவில்லை. உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்து, "நாலு மணிக்கு மேல வெச்சிருக்க முடியாதுங்க" என்றார்.

எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வேன். கல்யாண வரவேற்புக்கு வாசிக்கப் போகிற குழு. வயலின்காரர் இறங்கி, "அங்க போய்ச் சேரப் போறதில்ல, இங்கயே வாசிப்போம்" என்று பெட்டியைத் திறந்தார். கிளாரினெட் சேர்ந்துகொண்டது. டிரம்காரர் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸிலிருந்தும் கார்களிலிருந்தும் ஜனங்கள் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். பழவண்டிக்காரர் ஒருவர் ஆடவே ஆரம்பித்துவிட்டார்.

அண்ணி, இதுவரை எழுதியதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். இனிமேல் எழுதுவதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. நான் அந்தப் பாட்டை ரசித்தேன். முடிந்ததும் "இன்னொண்ணு வாசிங்க" என்று கேட்டதும் நான்தான். எங்கே போகிறீர்கள் என்று பக்கத்திலிருந்த பெண்மணி கேட்டார். "அண்ணன் வீட்டுக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சொன்ன பிறகும் உறைக்கவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினேன். தட்டி ஓய்ந்து கடிகாரத்தைப் பார்த்தால், நாலு பத்து.

பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டேன். வயலின்காரர் ஜன்னலருகே வந்து, "ஏன் சார், பாட்டு பிடிக்கலையா?" என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். அது பொய்யில்லை அண்ணி. அதுதான் என்னைத் தின்கிறது.

உங்கள் மகனிடம் இதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். லாரிமேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம். அண்ணனை வைத்த இடத்தை உங்கள் மகன் கூட வந்து காட்டினால் போதும். அவனுக்கு மனமில்லை என்றால், வழியை ஒரு தாளில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவையுங்கள். நானே விசாரித்துப் போய்க்கொள்கிறேன்.

நீங்களும் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் வீட்டுச்
சின்னவன்