ஜோசப்பைத் தேடி வந்த ஹவல்தார்

12-8-1966, வெள்ளி. தாராவி.

சாயங்காலம் போலீஸ் ஹவல்தார் எங்கள் இளைஞர் மன்றத்துக்கே வந்துவிட்டான். ஜோசப்பைக் கேட்டான். கள்ளச்சாராயம் சுமந்தானாம். ஜோசப் அதை விட்டு மாசக்கணக்காகிறது. இப்போது எங்களிடம் வெல்டிங் படிக்கிறான்.

எங்கள் மன்றத்துக்கு உதவ வந்திருக்கும் ஹன்னா போய் வாசலை மறித்து நின்றாள். ஹாம்பர்க் துறைமுகத்துத் தெருக்களில் இதே மாதிரிப் பிள்ளைகளோடு வேலை செய்தவள். "வாரண்ட் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வெள்ளைக்காரி என்பதால் அவன் கை ஓங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "மேம்சாப் அடுத்த வாரம் கப்பல் ஏறிடுவாங்க. நீ எங்கே போவே?" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனான்.

"நானே ஸ்டேஷனுக்குப் போயிருதேன்க்கா. உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றான் ஜோசப். போன தடவை அங்கே வாங்கிய அடியில் அவனுக்கு ஒரு காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை.

ஹவல்தார் சொன்னதை ஹன்னாவுக்கு அப்படியே சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. பிறகு, "எங்கள் ஊரில் பையனைத் தனியாக அனுப்ப மாட்டோம். கூடவே போய், அவன் வெளியே வரும்வரை உட்கார்ந்திருப்போம்" என்றாள். இங்கே அப்படி யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

காலையில் மூவருமாக ஸ்டேஷனுக்குப் போகிறோம். ஜோசப் சாப்பிடாமலே படுத்துவிட்டான். ஹன்னா போன பிறகு நான் தனியாகத்தான் உட்கார வேண்டும். எப்படி உட்காருவது என்று நாளைக்கே அவளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.