மகராசிக்குச் சினை பார்த்தது

செவ்வாய்க் கிரகம், வடக்குப் பண்ணைக் கூடம்
நாள் 411, 06:10
எழுதுபவர் கால்நடை மருத்துவர் மரியபுஷ்பம். கூடத்தில் நான் ஒருத்தி, பெட்டைப்பன்றி மகராசி ஒருத்தி. மற்ற இரண்டு பெட்டைகளும் சினை பிடிக்காமல் சமையலறைக்குப் போயின. காலை ஸ்கேன்: சூலகத்தில் முட்டைப்பைகள் நான்கு மில்லிமீட்டர். ஏழு வரை வளர்ந்து வெடிக்க வேண்டும். மூன்று சுழற்சியாக ஐந்திலேயே நின்று சுருங்கிவிடுகின்றன. உறைவிந்து ஒரே ஒரு குழல் மிச்சம்.

நாள் 413, 12:00
ஆறு மணிக்கொரு முறை ஸ்கேன். பைகள் வெடிப்பதற்குச் சற்று முன்னால் சினை ஊசி போட வேண்டும், நேரம் தப்பினால் விந்து வீண். தூங்கி எத்தனை நாளாயிற்றோ. இன்றும் ஐந்திலேயே நிற்கிறது. தலைமைக் கூடத்திலிருந்து நிர்வாகி கதிரேசன்:
"டாக்டரம்மா, இந்தத் தடவையும் இல்லைன்னா அறுத்துர வேண்டியதுதான். தீவனத்துக்கு எங்க போறது? கோச்சுக்காதீங்க."
கோபமில்லை, பயம்தான். இந்தக் கிரகத்தில் வேறு பன்றி கிடையாது.

நாள் 413, 18:20
ஆண்பன்றி வாடையை மோந்தால்தான் பெட்டை பருவத்துக்கு வரும். இங்கே ஆண் இல்லாததால் புட்டியில் வந்த வாடையைத் தினமும் அவள் மூக்கருகே அடிக்கிறேன். இன்று அடித்த கையோடு நானும் மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கூடத்துக் காற்றைச் சுத்தம் செய்யும் கரி வடிகட்டி அத்தனையும் உறிஞ்சிவிடுகிறது. என் துணியெல்லாம் பன்றி நாற்றம் என்று தலைமைக் கூடத்துச் சாப்பாட்டு மேசையில் ஆளாளுக்கு முகம் சுளிக்க, வடிகட்டியின் வேகத்தை மூன்று மடங்காக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நானே. நுணலும் தன் வாயால் கெடும்.
வடிகட்டியை நிறுத்தினேன்.

நாள் 416, 12:00
ஏழு மில்லிமீட்டர்! முதுகை அழுத்தினால் காதை விடைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். ஊசி போட்டாயிற்று.
18:00
பைகள் வெடித்துவிட்டன. உட்கார்ந்து அழுதேன்.

நாள் 417, 06:30
வடிகட்டி திரும்ப ஓடவில்லை. நின்ற நாட்களில் ஈரமேறிக் கரி கட்டிதட்டிவிட்டது. கழிவை எவ்வளவு வாரினாலும் அமோனியா ஏறுகிறது. இதில் கரு தங்காது. வெளியே புழுதிப்புயல். கதிரேசன்:
"இருபத்தஞ்சு நாளைக்கு வண்டி எடுக்க முடியாதுங்க. சுத்தக் காத்துக் குழாய் ஒண்ணுதானே இருக்கு, நீங்க மாட்டிக்குங்க. பன்னிய விட்டுருங்க."
குழாயை அவள் கூண்டில் விட்டேன். எனக்கு விண்ணுடையின் சிலிண்டர்கள் போதும்.

நாள் 436, 12:00
கணக்குத் தப்பு. சிலிண்டர்கள் தீர்ந்தன. ஈரத்துணியை மூக்கில் கட்டியிருக்கிறேன். கண் எரிகிறது. எரிச்சல் கதிரேசன்மேலா என்மேலா தெரியவில்லை.

நாள் 440, 12:15
கண் தெரியவில்லை. நான் சொல்வதைக் கணினி எழுதுகிறது. தடவித் தடவி அவள் வயிற்றில் ஸ்கேன் வைத்துப் படத்தை அனுப்பினேன். கதிரேசன்:
"கறுப்பா வட்ட வட்டமாத் தெரியுது டாக்டரம்மா, பதினொண்ணு எண்ணுனேன். சினைதானே? இனி யாரும் அறுக்க மாட்டாங்க. நாளை மறுநாள் வண்டி வந்துரும். அந்தக் குழாய எடுத்து மாட்டுங்க, கெஞ்சிக் கேக்கறேன்."
பதினொன்று. ஐயோ, என் மகராசி.

நாள் 441, 17:50
குழாய் அவளிடமே இருக்கிறது. வருகிறவர்களுக்கு: பிரசவம் நாள் 530 வாக்கில். வைக்கோல் இல்லை, என் போர்வைகளைக் கிழித்துப் போடுங்கள். சீம்பால் எல்லாக் குட்டிக்கும் கிடைக்கிறதா பாருங்கள். மெலிந்ததை முன்காம்பில் விடுங்கள், அங்கேதான் பால் அதி—