வலது இருக்கை

சனிக்கிழமை, ஜூலை 12

சலீம் நாவலூரில், நான் ஊரப்பாக்கத்தில். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும்போது மட்டும் இருவருக்கும் ஒரே காக்பிட். அந்த விளையாட்டில் ஒவ்வொரு விமானத்தையும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்; சேர்ந்து ஓட்ட இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி விமானம் இருக்க வேண்டும். ஒரு மாதம் அலசி, புதிதாக ஒன்றை அவன்தான் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்தான். இன்று மாலை அதை வாங்கிவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"அய்யோ மச்சான், நான் நேத்தே வேற வாங்கிட்டேன். ஆபீஸ் பசங்க அதத்தான் ஓட்டிகினு கீறானுங்க. நீ தனியா ஓட்டேன், இன்னா இப்ப?"

ஒன்றுமில்லைதான். நேற்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மீனம்பாக்கத்திலிருந்து தனியாகவே கிளப்பினேன். தரையை விட்டதும் பழக்கத்தில் "கியர் அப்" என்று சொல்லிவிட்டேன். சக்கரத்தை மடக்குவது எப்போதும் வலது இருக்கைக்காரன் வேலை, அவன் வேலை.

மாமல்லபுரம் தாண்டியும் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மடக்கவில்லை.