இரண்டு விரல் இடைவெளி

அன்புள்ள அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் போனில் பேசினோம், அதற்குள் கடிதமா என்று பதறாதீர்கள், மன்னியுங்கள். நான் நலம். அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது?

தண்ணீரிலிருந்து படகை டிரெய்லரில் ஏற்றும்போது காற்று அதை ஒதுக்கிவிடும். நேராக வந்து உட்கார, எங்கள் பட்டறையில் டிரெய்லரின் இரு பக்கமும் கம்பம் வைக்கிறோம். படகுக்கும் கம்பத்துக்கும் இரண்டு விரல் இடைவெளி விட்டுத்தான் வரைந்து கொடுத்தேன். மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன், "ஆட்டமே இருக்கக் கூடாது பாப்பா" என்று ஒட்டி வைக்கச் சொன்னார். முட்டுக்காட்டில் படகு கம்பங்களுக்கு நடுவில் சிக்கி, பெயிண்ட் உரிந்தது. உடனே மேனேஜர் படகுக்காரரிடம், "பாப்பா புதுசு சார், தப்பா அளந்துடுச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இன்று கம்பங்களை இரண்டு விரல் தள்ளி நானே நகர்த்தி வைத்தேன். படகு நேராக ஏறி உட்கார்ந்தது. "பரவாயில்லையே பாப்பா!" என்றார் மேனேஜர். அது இன்னும் எரிந்தது.

தாம்பரம் ஹாஸ்டலில் கொசு அதிகம், வலை அனுப்புங்கள். நார்த்தங்காய் ஊறுகாயும். பஸ் வந்துவிடும், முடிக்கிறேன்.

நிகத்

அத்தா, கோபிக்காதீர்கள். நீங்கள் ஆபீசுக்கு போன் செய்து "பாப்பா இருக்கா?" என்று கேட்ட நாளிலிருந்துதான் இங்கே எல்லாருக்கும் நான் பாப்பா. இனிமேல், "இன்ஜினியர் நிகத் இருக்காங்களா?" என்று கேளுங்கள்.