இரண்டு மிக்ஸருக்கும் ஒரே கெயின்

உன் மிக்ஸர் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். பூச்சி உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பதுளை ஈரத்துக்கும் கரப்பானுக்கும் அதுதான் வைத்தியம் என்று நீ மூலைக்கு ஒன்றாகப் போட்டுவைப்பாய். யாரோ சேலை பீரோவைத் திறந்தது போல இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். நீ கண்ணை மூடிய பிறகும் அவற்றை எடுக்க மனம் வரவில்லை மச்சான்.

நாம் இரண்டாவது மிக்ஸர் வாங்கிய புதிதில் எவ்வளவு குழம்பினோம். மேடையில் ஒரே பெட்டி, எல்லா மைக் வயரும் அதற்குள். அதிலிருந்து மேடையோரம் இருக்கும் உனக்கும், சனங்களுக்கு நடுவே இருக்கும் எனக்கும் ஒரே கேபிள் வழியாகச் சத்தம் வரும். வெளியே போகிற வழிகளைச் சுலபமாகப் பிரித்துக்கொண்டோம்: முதல் எட்டும் பாடுகிறவர்களின் ஸ்பீக்கருக்கு, அது உனக்கு, மிச்சம் சனங்களுக்கு, அது எனக்கு. அவரவர் பக்கத்துச் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரும் தனித்தனி. ஆனால் மைக்கிலிருந்து உள்ளே வரும் சத்தத்தைக் கூட்டுகிற கெயின் மட்டும் பொது. ஒருவர் திருகினால் இருவருக்கும் ஏறும்.

"கெயின் எங்கிட்ட இருக்கட்டும் மச்சான். ஒனக்குச் சத்தம் பத்தலன்னா ஃபேடர ஏத்து. அதுவும் பத்தலன்னா கையக் காட்டு, நான் பாத்துக்கிறேன்" என்றாய். நானும் பெரிய மனுஷன் போலத் தலையாட்டினேன்.

எல்ல ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மாதா கோயில் திருநாள். கொழுந்து பறிக்கிற செல்வமேரி அக்கா அன்றுதான் முதல் தடவையாகத் தனியாகப் பாடினார். குரல் மெல்லியது. என் ஃபேடர் உச்சியில் நின்றது. உனக்குக் கை காட்டப் பொறுமையில்லாமல் கெயினைத் திருகிவிட்டேன். மேடை ஸ்பீக்கர் வீலென்று கத்தியது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு பாட்டை நிறுத்திவிட்டார்.

கோயில் கமிட்டித் தலைவர் நேராக உன்னிடம்தான் வந்தார். "என்னங்க இது, அந்தப் புள்ள பயந்துபோச்சே."

"மன்னிச்சுக்கங்க, என் கை பட்டுருச்சு" என்றாய். நான் திரையில் ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். நீ அக்காவைச் சமாதானப்படுத்தித் திரும்பப் பாடவைத்தாய்.

வேனில் திரும்பும்போது சொல்லிவிடத்தான் நினைத்தேன். உன் கைதான் பட்டது என்று நீயே நம்பிவிட்டாய் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கடைசிவரை உன்னிடம் சொல்லவேயில்லை.

இந்த ஞாயிறு உன் இடத்தில், உன் மிக்ஸரில் நான் இருந்தேன். மொனராகலையிலிருந்து வருகிற புதுக் கூட்டாளி முன்னால், என் பழைய இடத்தில் இருந்தார். ஒத்திகையில் அவரும் பேசிவைத்ததை மறந்து கெயினைத் திருகினார். என் இரண்டு கையும் மடியில் இருக்க, என் திரையில் கெயின் எண் தானாக ஏறியது. முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து.

என் கை படவில்லை, திருகியது அவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்படியென்றால் அன்றைக்கு நீயும் பார்த்திருக்கிறாய்.

வீட்டுக்கு வந்ததும் செல்வமேரி அக்காவுக்குப் போன் எடுத்து, அன்று திருகியது நான்தான் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. மேடையோரம் இருந்தவரு எனக்கு நேராதானே நின்னாரு. ஒரு கையில பிளேன்டிக் கோப்ப, மறு கையில வடை. எந்தக் கை பட்டுச்சாம்? வடையப் போட்டுட்டு ஓடிவந்துல்ல சத்தத்தக் கொறச்சாரு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது.

இப்போது எந்த மேடையில் ஸ்பீக்கர் கத்தினாலும் நான் திருகியதென்றால் என் தப்புதான் என்று உடனே கையைத் தூக்கிவிடுகிறேன். அடுத்தவன் திருகியதற்கு உன்னைப் போலக் கையைத் தூக்க இன்னும் வரவில்லை. அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை மச்சான்.