ஏறுவதற்கு ஒரு கைப்பிடி

பொழிச்சலூர்,
ஏப்ரல் 1992.

அன்புப் பொன்னிக்கு,

பூவராகன் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்வாய். அதனால் கேட்கவில்லை. இங்கே நானும் வேப்பமரமும் சௌக்கியம். வாசலெல்லாம் பூ கொட்டிக் கிடக்கிறது, பெருக்க மனசு வரவில்லை.

அமிர்தாவின் கடிதம் கிடைத்தது. வேலூர் வைத்தியத்தில் நீ பிடித்துக்கொண்டு நடக்கிறாயாம், வலது கையும் காலும்தான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லையாம். கடைசியில், "நம்ம வீட்டு வாசல்படியை நினைச்சாலே அம்மாவுக்கு நடுங்குது, இனிமே இங்கேயே இருந்துடறேன்னு சொல்றாங்க. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு நீங்களும் வந்துடுங்க அப்பா" என்று எழுதியிருக்கிறாள். நம் மகள் தங்கமானவள்தான். ஆனாலும் அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்தைந்து மழையில் வாடகை வீட்டுக்குள் பாத்திரங்கள் மிதந்தபோது, சொந்தமாகக் கட்டினால் வானத்தில் கட்டுங்கள் என்றவள் நீ. உன் பேச்சைக் கேட்டு உயரமாகக் கட்டியது இப்போது உனக்கே எதிரியாகிவிட்டது. நேற்று மத்தியானம் கரண்ட் போய், நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். ஒரு கனவு. தெருவெல்லாம் தண்ணீர், நிலைப்படி வரைக்கும். அலை இல்லை, சத்தம் இல்லை. நீ ஒரு படகில் உட்கார்ந்து மெதுவாக வருகிறாய். படியெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஒரு படிகூட ஏறாமல் நேரே கூடத்துக்குள் வந்து, காபி போட்டாச்சா என்கிறாய். தலைக்கு மேல் விமானம் இறங்கிய சத்தத்தில் விழித்துக்கொண்டேன். உன்மேல் அல்ல, அந்த விமானத்தின்மேல் கோபம் வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பம்மலிலிருந்து வெல்டர் ஜெயவேலுவைக் கூட்டிவந்து வாசல்படிக்குக் கைப்பிடி வைத்தேன். உனக்குச் சொல்லாமல் செய்து அசத்த வேண்டும் என்று ஆசை. எந்தப் பக்கம் என்று அவன் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. நல்ல காரியம், ஏறி வரும்போது வலது பக்கம்தான் என்றேன். எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் அம்மாவும் வலதுதான் மங்களம் என்றார்கள். பைப்பை வெல்டிங் வைத்து, சிமெண்டு காய்ந்ததும் ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது.

அன்று சாயந்திரம் நீயாக இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. சிரிக்காதே. வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டேன். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுகமாக இறங்கினேன். தெருவில் பூ மணம். இப்படித்தான் இனி நீ காற்று வாங்க இறங்குவாய் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். ஏறுவதற்கு இடது கையை நீட்டினால், அங்கே ஒன்றுமே இல்லை பொன்னி. வெறும் காற்று. கம்பி அந்தப் பக்கம், கட்டிப்போட்ட கைப்பக்கம் இருக்கிறது.

நீ வீட்டை விட்டுப் போக மட்டும் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. துண்டை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் தெருவிலேயே நின்று அழுதேன். அபிதகுஜாம்பாள் அம்மா ஜன்னலில் இருந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாளே ஜெயவேலுவைப் போய்க் கூப்பிட்டேன். "இன்னா சார், ரெண்டு பக்கமுமா? இது வூடா, குன்றத்தூர் கோயில் மலையா?" என்று கிண்டல் செய்தான். மலையாகவே இருக்கட்டும், வை என்றேன். இன்றைக்கு வேலை முடிந்தது. கையைக் கட்டிக்கொண்டு ஏறியும் பார்த்துவிட்டேன். துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு மட்டும்தான் அடித்திருக்கிறது. நான் பெயிண்ட் வாங்கினால் அந்தக் கலரை ஆயுசுக்கும் குறை சொல்வாய், அதனால் உனக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

நீ சொன்னதை எனக்கு எழுதிவிட்டாள் என்று அமிர்தாவிடம் கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கார் பேசிக்கொண்டு வருகிறேன். நீ வர மாட்டேன் என்றால் நான் வற்புறுத்த மாட்டேன், ஆனால் வந்து உன் வாயால் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன்.

கல்யாணமாகி வந்த அன்று, வலது காலை எடுத்து வைத்து வா என்று என் அம்மா சொன்னதும், நீ பயந்து பயந்து வைத்தாய். இந்த முறை யார் சொன்னாலும் காதில் வாங்காதே. இடது காலையே முதலில் வை. நம் வீடு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. வந்துவிடு, பொன்னி.

வாசலைப் பார்த்தபடி,
பூவராகன்