அம்மா ஹைமுண்டாவிடம் பேசுகிறாள்

3 ஜூன் 2024, திங்கள்

மன்னிக்க வேண்டும். இந்த நோட்டை போர்ச்சுகீசியச் சொற்கள் எழுதிப் பழகத்தான் வாங்கினேன். பின்பக்கத்திலிருந்து நாலைந்து தாள் எனக்காக எடுத்துக்கொள்கிறேன். எழுதிவைக்கிற அளவுக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனாலும் வாய் திறந்து தமிழ் பேசி இரண்டு வாரமாகிறது. எங்கேயாவது பேசித்தானே ஆக வேண்டும்?

பிரேசிலின் மேற்குக் கோடியில் ஆக்ரி என்று ஒரு மாநிலம். முதுகுப் பையோடு இரண்டு பஸ், ஒரு லாரி. நாளை படகு. காட்டுக்குள் ரப்பர் வெட்டுகிற ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கப் போகிறேன்.

அம்மா என்னோடு பேசி இன்றோடு நாற்பது நாள்.

4 ஜூன்

படகில் எழுதுகிறேன். கை ஆடுகிறது.

அம்மா கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். இருபத்தாறு வருடமாக. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், திருவனந்தபுரத்து கம்பெனி வேலையை விட்டுவிட்டு இரண்டு மாதம் ஊர் சுற்றப் போகிறேன் என்றேன். அம்மா வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒன்னப் படிக்க வச்சது காட்டுல கெடக்காம இருக்கியதுக்கு. நீ காசு குடுத்துக் காட்டுக்குப் போவியா? போ மக்கா. நல்லா போ."

அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. அக்கா சுனிதாதான் வீட்டு நிலவரம் அனுப்புகிறாள்.

ரப்பர் மரம் நம்மூருக்கு வந்தது இந்தக் காட்டிலிருந்துதான். உன் மரம் பிறந்த காட்டைப் பார்க்கத்தான் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? எனக்கு வேண்டியதைச் சொல்ல எனக்கு என்றைக்கு வாய் வந்திருக்கிறது.

6 ஜூன்

வீட்டுக்காரியின் பெயர் ஹைமுண்டா. எழுதுவது ர, சொல்வது ஹ. நாற்பது வயதிருக்கும். கைகூப்புவதா, கை கொடுப்பதா என்று நான் யோசிப்பதற்குள் கட்டிப்பிடித்துவிட்டாள்.

பத்து நிமிடத்தில் கேட்டாள்: "நீ யார் மகள்?"

இந்தக் கேள்விக்குப் பயந்து சர்ச்சில் பின்வாசல் வழியாகப் போகிறவள் நான். கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'அரசுப் பணி' என்று எழுதியவள். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

தெரிந்த கொஞ்சம் மொழியில், "ரப்பர் வெட்டுகிறவளின் மகள்" என்றேன்.

ஹைமுண்டா அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "நம்ம பிள்ளைதான்!" வறுத்த மீனும் மரச்சீனிக் கிழங்கு மாவும் வந்தன.

மரத்திலிருந்து வடிவதை இவர்களும் பால் என்றுதான் சொல்கிறார்கள்.

7 ஜூன்

சாவிக்கு இங்கே 'ஷாவி'. வீட்டில் நாங்கள் தாக்கோல் என்போம். சாவி பள்ளிக்கூடத்தில் கற்றது. இவ்வளவு தூரம் வந்தால் அதுதான் வீட்டுச் சொல்.

9 ஜூன்

விடியும்போது ஹைமுண்டாவோடு போனேன். அவள் வெட்டுவதை வீடியோ எடுத்தேன். இங்கே பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் நெட். சாயங்காலம் ஐந்தரைக்கு அக்காவுக்கு அனுப்பினேன். அங்கே அப்போது விடிகாலை நாலு, அம்மா வேலைக்குக் கிளம்புகிற நேரம்.

பத்து நிமிடத்தில் ஒரு குரல் செய்தி. அம்மா!

"ஏட்டி சுனிதா, அந்தப் பெண்ணுட்ட சொல்லச் சொல்லு. அந்த ஊர்ல பால் பிடிக்கச் சிரட்டை இல்லியா? தகரக் கிண்ணத்தக் கொண்டு மரத்துத் தோல்ல குத்தி வச்சிருக்கா! எனக்க மரமா இருந்தா அவளுக்க கையில ரெண்டு குடுப்பேன்."

நாற்பத்தாறு நாள் கழித்து அந்தக் குரல். அதுவும் எனக்கு இல்லை. மூன்று தடவை கேட்டேன்.

10 ஜூன்

பயந்துகொண்டே மொழிபெயர்த்தேன். ஹைமுண்டா சிரித்துச் சிரித்து இருமினாள். தென்னையே இல்லாத இடத்தில் சிரட்டைக்கு எங்கே போக, இது காட்டு மரம், தோல் தடிப்பு, யாரும் நட்டதில்லை என்றாள். அனுப்பினேன்.

"நடலியா? பின்ன எப்படி முளைச்சு?"

"தானாக."

"அப்போ சூப்பர்வைசர் ஆரு?"

"அப்படி ஒருத்தரும் இல்லை."

அடுத்த செய்தியில் ஊர் மழைச் சத்தம். அதற்கு மேல் அம்மா: "குடுத்து வச்சவ."

14 ஜூன்

தினமும் ஐந்தரைக்கு அம்மாவும் ஹைமுண்டாவும் பேசுகிறார்கள். முதுகுவலிக்கு என்ன தடவுவது, மழை எத்தனை மாதம், பால் கையில் பிசுபிசுத்தால் எதைக்கொண்டு தேய்ப்பது. நேற்று ஹைமுண்டாவின் புருஷன் குறட்டை விடுகிற கதையைக் கேட்டு அம்மா சிரித்தாள். இப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு சொல்லும் என் வாய் வழியாகத்தான் போகிறது. ஒன்றும் எனக்கில்லை. அவளுக்கு இது தெரியாதா? தெரிந்துதானே —

பொறாமையா எனக்கு? யார் மேல?

16 ஜூன், ஞாயிறு

நெட் இல்லை. ஐந்தரைக்கு ஹைமுண்டாவும் நானும் பள்ளிக்கூடப் படியில் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

18 ஜூன்

இன்றைய செய்தியில் அம்மாவின் குரல் தணிந்திருந்தது.

"ஹைமுண்டா, ஒரு காரியம் கேக்கணும். அந்தப் பிள்ளை வல்லதும் திங்குகாளா? முள்ளு இருந்தா மீனைத் தொடமாட்டா. சோறு கொஞ்சம் போதும்னு சொல்லுவா, நம்பப்படாது."

செய்தியை மறுபடி ஓட்டினேன். ஹைமுண்டா காத்திருந்தாள்.

"அவள் சாப்பிடுகிறாளா என்று கேட்கிறாள்."

"எவள்?"

"நான்."

ஹைமுண்டா சிரிக்கவில்லை. போனை வாங்கி மெதுவாகப் பேசினாள்: "சாப்பிடுகிறாள். முள்ளை நான் எடுத்துக்கொடுக்கிறேன். ஆனால் உன் குரலை இரண்டாம் தடவை கேட்டுவிட்டுத்தான் தட்டைத் தொடுகிறாள்."

நான் தமிழில் சொல்லி அனுப்பியது 'சாப்பிடுகாளாம்' மட்டும். மிச்சத்தை விட்டுவிட்டேன்.

20 ஜூன்

படகுத்துறை வரை வந்தாள் ஹைமுண்டா. கட்டிக்கொண்டபோது அவள் சட்டையில் புளித்த ரப்பர் பால் வாடை. சின்ன வயதில் அம்மாவிடம் இந்த வாடைக்கு முகத்தைத் திருப்பியிருக்கிறேன். இன்று விட மனம் வரவில்லை.

"இனி நடுவில் நான் இல்லை" என்றாள். "நீ என்ன செய்வாய்?"

பஸ் நிலையத்தில் சிக்னல் கிடைத்தது. நாலு தடவை பதிவு செய்து அழித்தேன். ஐந்தாவதை அனுப்பிவிட்டேன். நான் பேசியது இவ்வளவுதான்:

"அம்மா, நான் ஜெப்சி. மரச்சீனியும் முட்டையும் தின்னேன். அடுத்த மாசம் இருபதுக்கு வீட்டுல இருப்பேன். அம்மா... சாப்பிட்டியான்னு இனி எங்கிட்டயே கேளும்மா."